அப்பாவின் ‘பிரஷர் குளிசை’: நான் மொழிபெயர்க்காமல் விட்ட பாதி

போன மார்கழியில் என் மகனின் எட்டாவது பிறந்தநாள். எங்கள் சின்ன லண்டன் வீடு நிறையச் சனம். கேக் வெட்டி முடிந்து பார்த்தால் அப்பாவைக் காணவில்லை. மேலே போனேன். கட்டில் ஓரத்தில் நெஞ்சைத் தடவிக்கொண்டு இருந்தார்.

“என்னப்பா செய்யுது?”

“ஒண்டுமில்லை பிள்ளை. நெஞ்சு படபடவெண்டு அடிக்குது. கொஞ்சம் இறுக்கமாவும் கிடக்கு. சனத்துக்கை நிண்டதாலை தான்.”

பிரஷர் மெஷினைக் கட்டிப் பார்த்தேன். 188க்கு 104. நாடித்துடிப்பு 118. அப்பாவுக்கு வழக்கமாக நாடி அறுபதைத் தாண்டாது. நெஞ்சு இறுக்கம் என்றதும் யோசிக்காமல் 999க்கு அழைத்தோம்.

அம்புலன்சில் வந்தவர் முதலில் நெஞ்சைப் பற்றிக் கேட்டார். அடுத்து, “மருந்தெல்லாம் ஒழுங்காக எடுக்கிறாரா?” என்றார். சின்ன வயதிலிருந்து செய்யும் வேலைதானே, உடனே தமிழில் திருப்பிக் கேட்டேன். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் மெதுவாகச் சொன்னார்.

“அந்தப் பிரஷர் குளிசையை நாலைஞ்சு நாளா விட்டிட்டன். பிரஷர் தான் நோர்மலா வந்திட்டுதே. பேந்து என்னத்துக்குச் சும்மா விழுங்குவான்?”

எங்கள் வீட்டில் மாத்திரையைக் குளிசை என்போம். அந்தக் குளிசையின் பெயர் பைசோப்ரோலால். பீட்டா பிளாக்கர் வகையைச் சேர்ந்தது. ஆறு வருடங்களுக்கு முன்பு அப்பாவுக்கு ஹார்ட் அட்டாக் வந்து ஸ்டென்ட் வைத்தபோது தொடங்கிய மருந்து. அன்று டொக்டர் அதைப் பற்றி நிறையவே விளக்கினார். நான் அப்பாவிடம் திரும்பி ஒரே வரியில் முடித்துவிட்டேன்: “இது பிரஷர் குளிசையப்பா.”

நான் சொன்னதை வைத்துப் பார்த்தால் அப்பா யோசித்தது நியாயம்தான். பிரஷருக்குக் குளிசை, பிரஷர் சரியானால் குளிசை எதற்கு? பாதியை விழுங்கிய ஆள் நான்தான்.

வெளிநாட்டில் வளர்ந்த நம்மில் பலர் பத்து வயதிலேயே அப்பா அம்மாவுக்காக டொக்டரிடம் பேசத் தொடங்கியவர்கள். இன்று நமக்கே பிள்ளைகள் இருக்கிறார்கள். இருந்தாலும் பெற்றோரின் மருந்துச் சீட்டை வாசிப்பது இன்னும் நாம்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன். உங்கள் வீட்டு மருந்துப் பெட்டியிலும் ‘லால்’ என்று முடியும் ஒரு பெயர் இருக்கக்கூடும். அட்டெனோலால், மெட்டோப்ரோலால், பைசோப்ரோலால், ப்ராப்ரனோலால், கார்வெடிலால், லேபெட்டலால். எல்லாம் ஒரே குடும்பம்.

இறைப்பு மிசினும் இரத்தக் குழாயும்

ஆஸ்பத்திரியில் இசிஜி எடுத்து, இரத்தப் பரிசோதனை செய்து, மறுபடி ஹார்ட் அட்டாக் வரவில்லை என்று உறுதிசெய்தார்கள். மருந்தை மீண்டும் தொடங்கினார்கள். இரண்டாம் நாள் அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். அன்று இரவு தேத்தண்ணீரோடு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். இந்த முறை ஒழுங்காக மொழிபெயர்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

“அப்பா, ஊரிலை வெங்காயத்துக்கு மிசின் போட்டு இறைச்சனீங்கள் தானே. குழாய்க்குள்ளை பிரஷர் கூடுறதெண்டால் என்ன காரணம்?”

அப்பா யோசிக்கவே இல்லை. “மிசின் வேகமா ஓடினால் கூடும். குழாய் ஒடுங்கினால் கூடும். உள்ளுக்கை தண்ணி கனக்க வந்தாலும் கூடும்.”

மருத்துவப் புத்தகம் சொல்வதும் இதுதான். இதயம் நிமிடத்துக்கு எவ்வளவு இரத்தத்தைத் தள்ளுகிறது, குழாய்கள் எவ்வளவு இறுகியிருக்கின்றன, உடம்பில் எவ்வளவு உப்பும் தண்ணீரும் தேங்கியிருக்கிறது என்பவைதான் இரத்த அழுத்தத்தைத் தீர்மானிக்கின்றன. பிரஷருக்கு இருக்கும் பலவகை மருந்துகளும் இவற்றில் ஏதோ ஒன்றைத்தான் பிடிக்கின்றன. தண்ணீர் போகச் செய்யும் மாத்திரை உப்பையும் நீரையும் சிறுநீரில் வெளியேற்றும். அம்லோடிபின் குழாயைத் தளர்த்தும். பீட்டா பிளாக்கர் முதலில் கைவைப்பது மிசினில்.

பூட்டும் திறப்பும்

பயம் வந்தால், கோபம் வந்தால், பஸ்ஸைப் பிடிக்க ஓடினால் நெஞ்சு படபடக்கிறதே, அதற்குக் காரணம் அட்ரினலினும் அதன் உறவான நோர்அட்ரினலினும். இவை ஒரு திறப்பு மாதிரி, அதாவது சாவி மாதிரி. இதயத்தின் உயிரணுக்களில் அதற்கேற்ற பூட்டுகள் இருக்கின்றன. அந்தப் பூட்டுகளுக்குத்தான் பீட்டா ஏற்பிகள் என்று பெயர். திறப்பு பூட்டுக்குள் போய்த் திரும்பியதும் இதயம் வேகமாகவும் பலமாகவும் அடிக்கும்.

பீட்டா பிளாக்கர் என்பது அதே பூட்டுக்குள் போய் உட்காரும், ஆனால் திரும்பாத திறப்பு. அது உள்ளே இருக்கும்வரை உண்மையான திறப்புக்கு இடமில்லை. இரத்தத்தில் அட்ரினலின் இருக்கும், ஆனால் இதயம் அதன் சத்தத்துக்கு அவ்வளவாகச் செவிசாய்க்காது.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 75 தடவை அடிக்கும் இதயம் ஒரு நாளில் 1,08,000 தடவை அடிக்கும். அதே இதயம் நிமிடத்துக்கு 60 என்று இறங்கினால் ஒரு நாளைக்கு 86,400 தான். அடைப்பு வந்து, ஸ்டென்ட் போட்ட இதயத்துக்கு ஒவ்வொரு நாளும் இருபதாயிரம் அடிக்கு மேல் ஓய்வு. இதைக் கேட்டதும்தான் அப்பா முதல்முறை நிமிர்ந்து பார்த்தார்.

ஆனால் மருந்தின் வேலை இதயத்தோடு முடியவில்லை. சிறுநீரகத்திலும் இதே மாதிரியான பூட்டுகள் உண்டு. அவை திறந்தால் ரெனின் என்ற பொருள் சுரக்கும். அதிலிருந்து தொடங்கும் சங்கிலியின் முடிவில் ஆஞ்சியோடென்சின் உருவாகி, குழாய்களை இறுக்கும், உப்பையும் தண்ணீரையும் உடம்பில் பிடித்துவைக்கச் செய்யும். பூட்டை அடைத்தால் ரெனின் குறையும், அந்தச் சங்கிலியும் தளரும். இதைவிட, மூளையிலிருந்து நரம்புகள் வழியே வரும் ‘வேகமாக, வேகமாக’ என்ற கட்டளையும் சற்று அடங்குவதாகக் கருதப்படுகிறது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். மாத்திரை போட்டுச் சில மணி நேரத்திலேயே நாடி குறைந்துவிடும். பிரஷர் அப்படி இல்லை. ஆரம்பத்தில் உடம்பு குழாய்களைக் கொஞ்சம் இறுக்கி ஈடுகட்டப் பார்க்கும். நாட்கள் போகப்போகத்தான் அந்த இறுக்கம் விடும். முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரமோ அதற்கு மேலோ ஆகலாம். “மூன்று நாள் போட்டும் குறையேல்லை” என்று நிறுத்திவிடுபவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

பிரஷருக்காகக் கண்டுபிடித்த மருந்தே இல்லை

இந்த மருந்தின் கதையில் எனக்குப் பிடித்தது இதுதான். 1948இல் அமெரிக்காவில் ரேமண்ட் ஆல்குவிஸ்ட் என்பவர், அட்ரினலின் வேலை செய்வது ஒருவகைப் பூட்டில் அல்ல, இரண்டு வகையில் என்று சொன்னார். அவற்றுக்கு ஆல்பா, பீட்டா என்று பெயரும் வைத்தார்.

அந்தக் கருத்தைப் பிடித்துக்கொண்டவர் ஸ்கொட்லாந்துக்காரர் ஜேம்ஸ் பிளாக். படித்து முடித்தபோது கடன் இருந்ததால், 1940களின் இறுதியில் சிங்கப்பூருக்குப் போய் மருத்துவ மாணவர்களுக்குப் பாடம் நடத்தியவர். கடனை அடைக்க வெளிநாடு போன கதை நம் வீடுகளுக்குப் புதிதா என்ன? திரும்பி வந்து 1958இல் பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் சேர்ந்தார்.

அப்போது நெஞ்சுவலி நோயாளிகளுக்கு, இதயத்துக்குப் போகும் இரத்தத்தை எப்படிக் கூட்டுவது என்றுதான் எல்லோரும் தேடிக்கொண்டிருந்தார்கள். பிளாக் மறுபக்கமாக யோசித்தார். வரவைக் கூட்ட முடியாவிட்டால் செலவைக் குறைத்தால் என்ன? இதயத்தின் வேலையைக் குறைத்துவிட்டால், வரும் கொஞ்ச இரத்தமே அதற்குப் போதுமே. முதலில் வந்த ப்ரொனெதலால் என்ற மருந்து எலிகளில் கட்டிகளை உண்டாக்கியதால் கைவிடப்பட்டது. அடுத்து, 1960களின் நடுப்பகுதியில் ப்ராப்ரனோலால் வந்தது.

நெஞ்சுவலிக்காகக் கொடுத்த இந்த மருந்து பிரஷரையும் குறைக்கிறது என்பதை லண்டனில் பிரையன் பிரிச்சர்ட் என்ற மருத்துவர் கவனித்து, 1964இல் தன் சகாவோடு சேர்ந்து எழுதினார். ஜேம்ஸ் பிளாக்குக்கு 1988இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

ஆகவே, பீட்டா பிளாக்கர் பிறந்ததே இதயத்தைக் காக்க. பிரஷர் குறைவது பின்னால் தெரியவந்த நன்மை. நான் அப்பாவிடம் சொன்ன மொழிபெயர்ப்பில் விட்டுப்போனது இந்தப் பாதிதான்.

திடீரென்று விட்டால் என்ன நடக்கும்?

பூட்டை மாதக்கணக்கில் அடைத்துவைத்தால் உடம்பு சும்மா இருக்காது. “என் சத்தம் கேட்கவில்லையே” என்று இன்னும் பூட்டுகளைச் செய்து அடுக்கும். மருந்து இருக்கும்வரை அவையும் அடைபட்டிருக்கும், ஒன்றும் தெரியாது. ஒரு நாள் மருந்தை முற்றாக நிறுத்தினால்? வழக்கத்தைவிட அதிகமான பூட்டுகள், எல்லாம் திறந்தபடி. அதே அளவு அட்ரினலின் இப்போது இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்பதுபோல் ஆகும். நாடி எகிறும், பிரஷர் பாயும். இதய நோய் உள்ளவருக்கு நெஞ்சுவலி வரலாம், ஹார்ட் அட்டாக் கூட வரலாம். அமெரிக்காவில் அட்டெனோலால், மெட்டோப்ரோலால் போன்றவற்றின் தகவல் தாளில் இந்த எச்சரிக்கை அச்சிடப்படுகிறது.

நாலைந்து நாள் குளிசையை விட்ட அப்பா பிறந்தநாள் கூட்டத்தின் நடுவில் நின்றபோது நடந்தது இதுதான் என்று ஆஸ்பத்திரி டொக்டர் விளக்கினார்.

நிறுத்தவே முடியாது என்று அர்த்தம் இல்லை. வேண்டாம் என்று டொக்டர் முடிவுசெய்தால், அளவைப் படிப்படியாகக் குறைத்து, நாட்கள் எடுத்து நிறுத்துவார்கள். ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளை இரண்டாகப் போடக்கூடாது. பல நாள் விட்டுப்போயிருந்தால் தானாகவே பழைய அளவில் தொடங்காமல் முதலில் கேட்க வேண்டும்.

இன்னும் ஒன்று. மெஷினில் 124க்கு 78 என்று காட்டினால், “நோய் போய்விட்டது” என்று அர்த்தமில்லை, “மருந்து வேலை செய்கிறது” என்று அர்த்தம். நம் பெற்றோர் பலருக்கு இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, ஏனென்றால் அவர்கள் பழகிய காய்ச்சல் மருந்து அப்படி இல்லை. காய்ச்சல் போனால் மருந்தும் போகும்.

பிறகு ஏன் எல்லோருக்கும் கொடுப்பதில்லை?

“என் மாமாவுக்குப் பிரஷர் கூட, ஆனால் இந்த மருந்து கொடுக்கேல்லையே” என்று நீங்கள் கேட்கலாம். ஒரு காலத்தில் வெறும் பிரஷருக்கே இதுவும் முதல் மருந்துகளில் ஒன்று. 2002இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 9,000க்கு மேற்பட்டவர்களில் அட்டெனோலாலையும் லோசார்ட்டனையும் ஒப்பிட்டார்கள். 2005இல் வந்த இன்னொன்றில் 19,000க்கு மேற்பட்டவர்களில் அட்டெனோலாலையும் அம்லோடிபினையும் அடிப்படையாகக் கொண்ட சிகிச்சைகளை ஒப்பிட்டார்கள். இரண்டிலும் அட்டெனோலால் பக்கம் பக்கவாதம் கூடுதலாக வந்தது. அதன்பின் 2006இல் பிரிட்டனின் வழிகாட்டுதலில் சாதாரண பிரஷருக்கு முதல் மருந்து என்ற இடத்திலிருந்து இது இறக்கப்பட்டது.

ஆனால் இதயச் செயலிழப்பு, நெஞ்சுவலி, இதயத் துடிப்புக் கோளாறு, ஹார்ட் அட்டாக் என்று பிரஷரோடு வேறு காரணமும் இருந்தால் பீட்டா பிளாக்கர் இன்றும் முக்கியமானது. கர்ப்பகாலப் பிரஷருக்கு லேபெட்டலால் கொடுப்பதும் வழக்கம். உங்களுக்கோ உங்கள் தங்கைக்கோ கொடுத்திருக்கலாம்.

ஆகவே டொக்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: “இந்த மருந்து பிரஷருக்கு மட்டுமா, வேறு எதற்காவதுமா?” இந்தப் பதிலை வீட்டில் எல்லோருக்கும் புரியும் தமிழில் எழுதிவையுங்கள்.

நம் வீடுகளில் கவனிக்க வேண்டியவை

*விரதமும் சீனி வருத்தமும்.* நம் பெரியவர்களில் பலருக்குப் பிரஷரோடு சீனி வருத்தமும், அதாவது சர்க்கரை நோயும் உண்டு. இரத்தத்தில் சீனி சட்டென்று குறைந்தால் படபடப்பும் கை நடுக்கமும் எச்சரிக்கும். பீட்டா பிளாக்கர் அந்த எச்சரிக்கையையே மறைத்துவிடலாம். ஆனால் வியர்ப்பதை அது மறைக்காது. இன்சுலினோ, சீனியைக் குறைக்கும் சில மாத்திரைகளோ எடுப்பவர் கந்த சஷ்டிக்கு ஆறு நாள் விரதம் என்று இருந்தால், காரணமில்லாமல் வியர்த்தாலோ குழப்பமாகப் பேசினாலோ உடனே சீனியைப் பரிசோதியுங்கள். விரதத்துக்கு முன்பே டொக்டரிடம் கேட்டுவிடுவது நல்லது.

*பேரனின் நீல இன்ஹேலர், தாத்தாவின் மாத்திரை.* மூச்சுக்குழாயில் இருப்பது பீட்டா இரண்டு என்ற பூட்டு. ஆஸ்துமாவுக்குக் கொடுக்கும் சல்பூட்டமால் இன்ஹேலர் அதைத் திறந்து குழாயை விரிக்கிறது. ப்ராப்ரனோலால் அதை அடைக்கிறது. நேர் எதிர் வேலை. பைசோப்ரோலால், மெட்டோப்ரோலால், அட்டெனோலால் ஆகியவை இதயத்துப் பூட்டையே அதிகம் பிடிக்கும், ஆனாலும் அளவு கூடினால் மூச்சுக்குழாயையும் தொடும். ஆஸ்துமா இருந்தால் டொக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

*அம்மாவின் கண் சொட்டு மருந்து.* கண் அழுத்த நோய்க்குப் போடும் டைமோலால் சொட்டு மருந்தும் பீட்டா பிளாக்கர்தான். “கண்ணுக்குத்தானே போடுறன்” என்று அம்மா அதை மருந்துப் பட்டியலில் சேர்க்க மாட்டார். நீங்கள் சேருங்கள். அதுவும் கொஞ்சம் இரத்தத்தில் கலக்கும், ஆஸ்துமாவைக் கிளப்பலாம், நாடியைக் குறைக்கலாம். வெராபமில், டில்டியசெம் என்ற மருந்துகள் பட்டியலில் இருந்தாலும் டொக்டருக்கு நினைவூட்டுங்கள். பீட்டா பிளாக்கரோடு சேர்ந்தால் இதயத் துடிப்பு அளவுக்கு மீறிக் குறையக்கூடும்.

*பயத்துக்கு ஒரு மாத்திரை.* மேடைப் பயம், இன்டர்வியூ நடுக்கம் என்று நம் வயதினரே ப்ராப்ரனோலால் எடுப்பதுண்டு. நமக்கென்று டொக்டர் எழுதிக் கொடுத்தால் சரி. அதே மாத்திரையைப் பரீட்சைக்குப் போகும் மகளுக்கு நாமாகக் கொடுக்கக்கூடாது. அளவு மீறினால் ஆபத்தான மருந்து இது. சின்னப் பிள்ளைகள் எட்டும் இடத்தில், கைப்பையில், தலையணைக்கடியில் வைக்க வேண்டாம். வாரப் பெட்டியும் பூட்டிய அலுமாரியில்தான் இருக்க வேண்டும்.

*கைக்கடிகாரம் சொல்லும் கணக்கு.* பிள்ளைகள் ஆசையாக வாங்கிக் கொடுத்த ஸ்மார்ட் வாட்ச், நடக்கும்போது “இதயத் துடிப்பு போதாது, வேகமாக நட” என்று அப்பாவைத் துரத்தும். இந்த மருந்து எடுப்பவருக்கு நாடி அந்த அளவு ஏறாது, ஏறவும் தேவையில்லை. பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும். அதேபோல நாடி ஐம்பதுக்குக் கீழே போய்த் தலைச்சுற்றும் மயக்கமும் வந்தால் அன்றே டொக்டரைக் கேளுங்கள்.

*ஊருக்குப் போகும்போது.* யாழ்ப்பாணமோ சென்னையோ, எங்கே போனாலும் தங்கும் நாளைவிட இரண்டு வாரத்துக்குக் கூடுதலாக, கையில் கொண்டுபோகும் பையில் மருந்து இருக்கட்டும். கம்பனி வைத்த பெயர் நாட்டுக்கு நாடு மாறும், மருந்தின் உட்பெயர் மாறாது. அதை எழுதிவையுங்கள். மெட்டோப்ரோலாலில் இரண்டு வகை உண்டு. சக்சினேட் என்பது மெதுவாகக் கரைந்து நாள் முழுக்க வேலை செய்வது, டார்ட்ரேட் என்பது பெரும்பாலும் இரண்டு வேளை எடுப்பது. பெயர் ஒன்றுதானே என்று மாற்றி எடுக்கக்கூடாது. மெதுவாகக் கரையும் மாத்திரையை நசுக்கவோ மெல்லவோ கூடாது. ஊரிலிருந்து பெற்றோர் உங்களிடம் வந்து தங்குவதாக இருந்தாலும் இதே விதிதான். இங்கே சீட்டு இல்லாமல் மருந்து வாங்க முடியாது என்பது அவர்களுக்குத் தெரியாது.

மகளிடம் சொல்ல முடியாத காரணம்

அப்பாவிடம் இன்னொரு கேள்வியும் கேட்டேன். “பிரஷர் நோர்மல் எண்டது மட்டும் தானோ, இல்லாட்டி அந்தக் குளிசை ஏதாவது செய்யுதோ?”

கொஞ்ச நேரம் தொலைக்காட்சியையே பார்த்துக்கொண்டிருந்தார். “கை கால் எல்லாம் குளிர்ந்து கிடக்கு பிள்ளை. படி ஏறினால் களைக்குது. டொக்டரிட்டைச் சொன்னால் அவர் குறை நினைப்பார் எண்டு விட்டிட்டன்.”

களைப்பு, கைகால் குளிர்ச்சி, சிலருக்குக் கெட்ட கனவு, ஆண்களுக்குத் தாம்பத்தியச் சிக்கல். இந்த மருந்தோடு இவையெல்லாம் வரக்கூடும். அளவைக் குறைத்தோ வேறு வகைக்கு மாற்றியோ பெரும்பாலும் வழிசெய்யலாம். ஆனால் சொன்னால்தானே? கடைசியாகச் சொன்ன சிக்கலை எந்த அப்பாவும் மகளை நடுவில் வைத்துக்கொண்டு டொக்டரிடம் சொல்லப்போவதில்லை. பேசாமல் மருந்தை விட்டுவிடுவார். பிரஷர் நோர்மல் என்பது வெளியில் சொல்லும் காரணமாக இருக்கும்.

அன்றுதான் எனக்குப் புரிந்தது, எவ்வளவு நன்றாக மொழிபெயர்த்தாலும் சில இடங்களில் நான் வெளியே இருக்க வேண்டும் என்று. பிரிட்டனில் என்.எச்.எஸ்.இல் தமிழ் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகக் கேட்கலாம். ஆஸ்திரேலியாவில் அரசின் தொலைபேசி மொழிபெயர்ப்புச் சேவை இருக்கிறது. உங்கள் நாட்டில் என்ன வழி என்று ஒருமுறை விசாரித்துவையுங்கள். அடுத்த அப்பொயின்ட்மென்டுக்கு நான் அப்படித்தான் பதிவு செய்தேன். நான் வெளியே கதிரையில் இருந்தேன். உள்ளே என்ன பேசினார்கள் என்று இன்றுவரை கேட்கவில்லை. குளிசையின் அளவு குறைந்து வந்தது. அப்பா ஒழுங்காகப் போடுகிறார்.

இப்போது எங்கள் சமையலறை அலுமாரியின் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. என் கையெழுத்தில், பெரிய எழுத்தில். பைசோப்ரோலால் என்பதற்கு நேரே முன்பு ‘பிரஷர் குளிசை’ என்று எழுதியிருந்தேன். அதை வெட்டிவிட்டு அப்பாவே சொல்லச்சொல்ல வேறு எழுதினேன்:

“இதயத்துக்கு ஓய்வு குடுக்கிற குளிசை. பிரஷரையும் பாக்கும். கேக்காமல் நிப்பாட்டக் கூடாது.”

போன கிழமை ஊரிலிருந்து பெரியப்பா போன் எடுத்தார். தனக்கும் பிரஷர் சரியாகிவிட்டதாம், மெட்டோப்ரோலாலை விடப்போகிறாராம். நான் போனை வாங்குவதற்குள் அப்பா தொடங்கிவிட்டார்.

“அண்ணை, கொஞ்சம் பொறுங்கோ. ஊரிலை மிசின் போட்டு இறைச்சது ஞாபகம் இருக்கோ உங்களுக்கு?”